முகம் பொருந்தவில்லை

கணினிப் பாதுகாப்பில் முதுகலைப் பட்டம் படிப்பதென்று நான் முடிவு செய்தபோது, என் ஏ.டி.எம். அட்டையின் ரகசிய எண் எனக்கு மறந்துபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. வங்கிக்குப் போய்ப் புது எண் கேட்க வெட்கமாக இருந்ததால் மனைவியின் அட்டையை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணும் எனக்குத் தெரியாது. அவளே வந்து, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கையால் மறைத்துக்கொண்டு அழுத்துவாள். எங்கள் வீட்டில் பாதுகாப்பு என்றால் என்னவென்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். படிக்கப் போனதோ நான்.

முடிவு செய்தேன் என்பதுகூடச் சரியில்லை. வாயில் வந்த ஒரு பொய்யை மெய்யாக்க வேண்டியதாகிவிட்டது.

சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பார்த்துக்கொள்வது என்றால் காலையில் திறப்பது, மாலையில் பூட்டுவது, நடுவில் காணாமல் போகிற மவுஸ்களுக்குப் பதில் சொல்வது. ஒருநாள் பிரின்ஸிபால் எங்களையெல்லாம் கூப்பிட்டார். நெட்வொர்க் பாதுகாப்புக்கென்று தனி லேப் வரப்போகிறது, அதன் பொறுப்பாளருக்கு அந்தத் துறையில் முதுகலைப் பட்டம் வேண்டும், யாராவது படித்திருக்கிறீர்களா என்று தெலுங்கில் கேட்டார்.  பக்கத்தில் நின்ற, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பேசப் போகிறார் என்று எனக்குப் பட்டது. முந்திக்கொண்டு, "சதுவுதுன்னா சார்" என்றேன். படித்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அந்த நிமிடம் நான் படித்துக்கொண்டிருந்தது கைபேசியில் வந்திருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையைத்தான்.

அவர் சந்தோஷப்பட்டுப் பொறுப்பை எனக்கே கொடுத்துவிட்டார். புது லேப் வாசலில் பலகை மாட்டினார்கள். என் பெயர், அதன் கீழே முதுகலை படித்துக்கொண்டிருப்பதாக ஒரு வரி. பட்டம் வந்தால் பலகை நிற்கும். வராவிட்டால் பலகை இறங்கும், நானும் பழைய லேப்புக்கே மவுஸ் பார்க்கப் போக வேண்டும். அன்று சாயங்காலம் திருப்பதியில் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், ஆன்லைனில் அந்தப் படிப்புக்குப் பதிவு செய்தேன். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

வகுப்பு என்றால் பஸ்தான். திருப்பதியிலிருந்து சித்தூருக்குத் தினமும் போய் வருகிறவனுக்குப் போக இரண்டு பாடம், வர இரண்டு பாடம் கேட்க நேரமிருக்கிறது. சந்திரகிரி வரைக்கும் ஆசிரியர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பார். அதைத் தாண்டியதும் சிக்னல் போய், வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிடுவார். சிக்னல் திரும்பி வரும்போது நான் தூங்கியிருப்பேன். மிச்ச வழியெல்லாம் அவர் பாட்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டு வருவார். திரையில் கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து ஓடுவதைப் பார்த்துப் பக்கத்து சீட்டுப் பெரியவர் ஒருவர், தட்கலில் டிக்கெட் எடுக்கிறீர்களா, காட்பாடிக்கு எனக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். இல்லை, இது பாதுகாப்புப் படிப்பு என்றேன். என் மடியில் பாதி நழுவிக் கிடந்த பர்ஸை அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

படித்ததை வீட்டில் காட்டாமல் இருக்க முடியுமா? மனைவி ஒரு நகராட்சிப் பள்ளியில் டீச்சர். அவளைப் பிடித்து உட்கார வைத்து, ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லக்கூடாது, கூடப்பிறந்தவனே கேட்டாலும் சொல்லக்கூடாது என்று ஒருநாள் அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். பாடம் முடிவதற்குள் என் கைபேசி அடித்தது. தமிழ்நாட்டு எல்லையோரம் பாலசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து சித்தப்பா. "நம்பர் வந்துச்சிடா, எழுதிக்கோ" என்று அவருக்கு வந்த ஓ.டி.பி.யை உரக்கப் படித்தார். திருப்பதியில் வீடு இருக்கிறவனுக்கு இது தலைவிதி. தரிசன டிக்கெட் ஆன்லைனில் திறக்கிற நாளில், எங்கள் வகையறா மொத்தத்துக்கும் டிக்கெட் எடுப்பது நான்தான். எல்லார் ஆதார் எண்ணும் என்னிடம் இருக்கும். எல்லார் ஓ.டி.பி.யும் எனக்கு வரும். பத்து வருடமாக, நான் கேட்ட உடனே ஏன் எதற்கு என்று கேட்காமல் எண்ணைச் சொல்லும்படி அத்தனை பேரையும் பழக்கி வைத்திருந்தேன்.

"இப்ப நீங்க பாடம் எடுத்தது எனக்கா, உங்களுக்கா?" என்று மனைவி கேட்டாள்.

மற்ற பாடங்களையெல்லாம் எப்படியோ தாண்டிவிட்டேன். குறியாக்கவியல் என்கிற ஒரு பாடம் மட்டும் என்னைத் தாண்டவிடவில்லை. செய்தியைப் பூட்டி அனுப்புகிற கணக்கு அது, ஆளை அடையாளம் காண்பதும் அதில் ஒரு பகுதி. முதல் தடவை அந்தப் பரீட்சையை நான் எழுதவே இல்லை. பரீட்சைக்கு முந்தின நாள், பாடத்தில் சொன்னபடி, இருபத்திரண்டு எழுத்தில் ஒரு கடவுச்சொல் வைத்தேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து, யாராலும் உடைக்க முடியாத கடவுச்சொல். காலையில் என்னாலும் உடைக்க முடியவில்லை. ஐந்து முறை தப்பாகப் போட்டதும் கணக்கு பூட்டிக்கொண்டது. பரீட்சை முடிந்து ஒருமணி நேரம் கழித்து, குளிக்கும்போது, நடுவில் இருந்த குறி ஞாபகம் வந்தது.

இரண்டாம் தடவை ஒழுங்காக உள்ளே போனேன், ஒழுங்காக எழுதினேன், ஒழுங்காக பெயிலானேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு பாடத்துக்கு மூன்று தடவைதான் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் விதி. மூன்றாவதும் போனால் அதுவரை படித்ததெல்லாம் வீண். கல்லூரியில் யாருக்கும் இதை நான் சொல்லவில்லை. தினமும் காலையில் பலகையைத் தாண்டி உள்ளே போகும்போது, அந்தக் கடைசி வரியை மட்டும் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

மூன்றாம் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒத்திகை ஒன்று வைத்தார்கள். வீட்டிலிருந்தே எழுதுகிற பரீட்சை என்பதால் இந்தத் தடவையிலிருந்து கேமரா வழியாகக் கண்காணிப்பார்கள். அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது. மடிக்கணினியைத் தூக்கிச் சுற்றிலும் காட்ட வேண்டும். காட்டினேன். 'அறையில் இன்னொரு நபர் இருக்கிறார்' என்று திரையில் சிவப்பில் வந்தது. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். ஒருவரும் இல்லை. மறுபடி சுற்றிக் காட்டினேன். மறுபடியும் இன்னொரு நபர். மூன்றாம் முறைதான் புரிந்தது, சுவரில் ஆளுயரக் காலண்டரில் இருந்த ஏழுமலையானைச் சொல்கிறது. நாமம் கண்ணை மறைத்திருந்தும் முகம்தான் என்று அந்த இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது. வளைந்த ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்ற முடியவில்லை. சுவர்ப் பக்கமாகத் திருப்பிவிட்டேன். உடனே பச்சை விளக்கு வந்துவிட்டது.

ஒத்திகை முடிந்து கதவைத் திறந்தால் அம்மா நிற்கிறார். ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து, தோளில் பையோடு அப்படியே நிற்கிறார். பார்வை என் மேல் இல்லை, காலண்டரின் முதுகு மேல்.

"இன்னாடா இது? பெருமாள எதுக்குடா சொவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிக்கினு கீற?"

"பரீட்சைக்கும்மா. அவரு இருந்தா ரெண்டு ஆள்னு சொல்லுது."

"ரெண்டு ஆளு இருந்தா நல்லதுதானடா? ஒரு ஆளா எழுதித்தான ரெண்டு வாட்டி கோட்ட வுட்ட?"

மனைவி உள்ளே சிரிப்பது கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அம்மா அதோடு விடவில்லை. பையிலிருந்த மாங்காய்களை எடுத்து வைத்துக்கொண்டே விஷயத்தை வெளியே விட்டார். நான் இரண்டாம் தடவை பெயிலான அன்றைக்கே, இந்தப் பரீட்சையில் பாஸானால் மகனுக்கு மொட்டை போடுவதாக மலைக்கு வேண்டிக்கொண்டாராம். வேண்டிக்கொண்டது அவர், முடி என்னுடையது. எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான், முடிக்குச் சொந்தக்காரனை யாரும் கேட்பதில்லை. பாஸான பிறகு போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

"அது அப்ப. இப்ப நீ சாமியத் திருப்பி வெச்சி அவமானம் பண்ணிட்டியே. பரீட்சைக்கு முன்னாடியே குடுத்துடணும். குடுத்துட்டா அவரால இல்லன்ன முடியாது" என்றார் அம்மா.

மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்கள். என் தலைக்கும் குறியாக்கவியலுக்கும் அம்மா போட்ட முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், மொட்டை எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த வேண்டுதல்தான் உறுத்தியது. இவன் தன் புத்தியால் பாஸாக மாட்டான் என்று பெற்றவளே முடிவு கட்டியதுபோல் இருந்தது. இரண்டு தடவை பெயிலானவன் அதை எந்த முகத்தோடு கேட்பது? கேட்கவில்லை. பரீட்சைக்கு முந்தின நாள் விடியற்காலை மூன்று பேரும் மலையேறினோம்.

முடி இறக்குகிற கல்யாணகட்டாவில் டோக்கனும் அரை பிளேடும் வாங்கிக்கொண்டு, ஈரத் தலையோடு வரிசையில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் முடி போயிற்று, கேட்காமலே மீசையும் போயிற்று. சந்தனம் பூசிக்கொண்டு கீழே இறங்கினேன். திருப்பதியில் மொட்டைத்தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் மொட்டை. டீக்கடைக்காரர் வழக்கம்போல டீ கொடுத்தார், பக்கத்து வீட்டுக்காரர் வழக்கம்போலத் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசினார். ஒருவருக்கும் என்னை அடையாளம் தெரியாமல் போகவில்லை. அதனால்தான் எனக்கு அந்த யோசனையே வரவில்லை. அன்று ராத்திரி நான் கடைசியாகத் திருப்பிப் பார்த்த பாடம், முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் இயந்திரம் எப்போதெல்லாம் ஏமாறும் என்பது. உண்மையான ஆளையே ஆள் இல்லை என்று தள்ளிவிடுவதும் உண்டு என்று படித்து, அதன் கீழே பென்சிலால் கோடு போட்டுவிட்டுத் தூங்கினேன்.

காலையில் பத்து மணிக்குப் பரீட்சை. ஒன்பதரைக்கே உட்கார்ந்தேன். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. கடவுச்சொல் இந்த முறை சரியாக வந்தது. பெருமாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்க்கச் சொன்னது, பார்த்தேன்.

'முகம் பொருந்தவில்லை' என்றது.

விளக்கைப் போட்டேன். பொருந்தவில்லை. ஜன்னலைத் திறந்தேன். பொருந்தவில்லை. திரையில் இடது பக்கம், இரண்டு வருடத்துக்கு முன்னால் பதிவு செய்தபோது எடுத்த படம். நெற்றியில் புரளும் முடி, வருஷக்கணக்காக வளர்த்த மீசை. வலது பக்கம் தேங்காய்போல ஒரு தலை, அதில் காய்ந்த சந்தனம், நடுவில் டியூப்லைட் மின்னிக்கொண்டிருந்தது. இயந்திரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டேன்.

 இது மூன்றாம் தடவை, இதற்கு மேல் தடவை இல்லை. இரண்டு வருடப் படிப்பு, லேப், பலகை எல்லாம் ஒரு பிளேடில் போய்விட்டதே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. உதவிக்கு என்று இருந்த பொத்தானை அழுத்தினேன். எங்கேயோ உட்கார்ந்து கண்காணிக்கும் ஒரு பெண் இணைப்பில் வந்தார். இளம் குரல், ஆங்கிலத்தில் பேசினார். நான் கோவிலுக்கு முடி கொடுத்ததைச் சொன்னேன். புரிகிறது, ஆனால் வேறொருவர் உங்களுக்காக உட்கார்ந்தாலும் இதையேதான் சொல்வார் என்றார். என் பாடப் புத்தகத்தில் இருக்கும் வாக்கியம் அது. ஆதார் அட்டையைக் காட்டினேன். அதிலிருக்கும் என் படத்தை நானே என்று நான்கூடச் சொன்னதில்லை. அவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் எதையோ தேடிவிட்டு, "பதிவு செய்தபோது உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கொடுத்திருக்கிறீர்கள். அதில் இரண்டு அங்க அடையாளங்கள் எழுதியிருக்கிறது. அவற்றைக் காட்ட முடியுமா? முதலாவது, வலது முழங்காலில் மச்சம்" என்றார்.

நாற்காலியின் மேல் காலைத் தூக்கி வைத்து, லுங்கியை முழங்கால் வரைக்கும் ஒதுக்கி, கேமராவுக்கு நேராக நீட்டினேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு முழங்காலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அதைவிடக் கொடுமை, அங்கே மச்சமே இல்லை. திருப்பிப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன், இல்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த நாளில் சான்றிதழுக்கு அடையாளம் எழுத வந்த தெலுங்கு மாஸ்டர், சாப்பாட்டு மணி அடிக்கப் போகிற அவசரத்தில், எங்கள் பெஞ்சு முழுவதுக்கும் முழங்காலில் மச்சம் என்று ஒரே அடியாக எழுதிக்கொண்டு போனார்.

"மச்சம் தெரியவில்லையே" என்றார் அந்தப் பெண். குரல் கொஞ்சம் இறுகியிருந்தது. "இரண்டாவது, தலையில், இடது காதுக்கு மேல் ஒரு தழும்பு."

இது மாஸ்டர் கற்பனை இல்லை. ஒன்பது வயதில், பக்கத்து மாந்தோப்புக்குள் முள்கம்பி வேலிக்கு அடியில் நுழைந்து போனேன். காவல்காரர் எப்போது சாப்பிடப் போகிறார், எந்த இடத்தில் கம்பி தொய்ந்திருக்கிறது என்று இரண்டு நாள் உளவு பார்த்துவிட்டுத்தான் போனேன். உள்ளே போனது சுத்தமாகப் போனேன். வெளியே வரும்போது சட்டைக்குள் ஒன்பது காய். வயிறு உப்பியிருந்ததால் குனிய முடியாமல் கம்பி தலையைக் கிழித்துவிட்டது. அத்துமீறி நுழைகிறவர்கள் பெரும்பாலும் பேராசையால்தான் மாட்டுகிறார்கள் என்று பின்னாளில் பாடத்தில் படித்தபோது, எனக்கு அதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மாஸ்டர் அன்று என் முடியை ஒதுக்கிப் பார்த்து எழுதியது அதுதான். அதற்குப் பிறகு அந்தத் தழும்பை நான் பார்த்ததே இல்லை. தலையைச் சாய்த்து கேமராவுக்குக் காட்டினேன். சந்தனமும் வெளிச்சமும் சேர்ந்து ஒன்றும் தெரியவில்லை என்றார். இங்கேயா, கொஞ்சம் பின்னாலா என்று நானே குத்துமதிப்பாக விரலை வைத்துக்கொண்டிருந்தேன். மணி பத்தாக ஏழு நிமிடம். பரீட்சை இன்னும் தொடங்கவில்லையே, அம்மாவைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். சீக்கிரம் என்றார்.

அம்மா கதவுக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார் போலும். கூப்பிட்ட மூச்சில் உள்ளே வந்துவிட்டார். முந்தானையை நாக்கில் தொட்டு ஈரமாக்கிச் சந்தனத்தைத் துடைத்தார். விரலை ஓரிடத்தில் வைத்து, என் தலையைத் தர்பூசணியைத் திருப்புவதுபோல வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இதோ பாரும்மா. மாங்கா திருடப் போயி கிழிச்சிக்கினது. மஞ்சத்தூள அப்பி வுட்டது நானு. இவன் எம்புள்ளதாம்மா. வேற எவன்னா இந்த மண்டையோட வருவானா?"

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியுமா என்று தெரியவில்லை.  மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். திரும்பி வந்து, தழும்பு சான்றிதழோடு ஒத்துப்போகிறது, இன்றைய படத்தையே உங்கள் புதுப் படமாகப் பதிந்துகொள்கிறேன், அம்மாவை வெளியே போகச் சொல்லுங்கள் என்றார். முடியைக் கொடுத்ததால் மாட்டிக்கொண்டேன், முடி இல்லாததால் தப்பித்தேன். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று எனக்காகவே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

எழுதினேன்.  உண்மையான ஆளையே இயந்திரம் தள்ளிவிடுவது பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. அதற்கு மட்டும் எல்லாரையும்விட நன்றாக எழுதியிருப்பேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. பாஸ், அதுவும் விளிம்பில். அம்மா காலண்டருக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். பெருமாளைத் திருப்பி வைக்க நான் மறந்திருந்தேன். மனைவிதான் பரீட்சை அன்றைக்கே திருப்பி வைத்திருந்தாள்.

இனி மிச்சம் ப்ராஜெக்டும் அதற்கான நேர்முகத் தேர்வும். நான்கு மாதம் பஸ்ஸில் தூங்காமல் வந்தேன். சிக்னல் போகிற இடங்களுக்கென்று பாடங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டேன். கல்லூரி லேப்பில் பழைய கம்ப்யூட்டர்களை இணைத்து, சின்ன நெட்வொர்க் ஒன்று கட்டி, அதை நானே உடைத்து நானே அடைத்துக்கொண்டிருந்தேன். முழங்கால் வலிக்காக அம்மா அந்த மாதங்களில் எங்களோடுதான் இருந்தார். வேலை முடிந்து வந்து நான் மடிக்கணினியைத் திறந்தால், பக்கத்தில் வேர்க்கடலையை வைத்துவிட்டு, "துன்னுக்கினே படி" என்று சொல்லிப் போவார். 

தேர்வு நாளும் வந்தது. காலண்டரைத் திருப்பச் சொல்லி அம்மாவையே கேட்டேன். ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திருப்பினார். உட்கார்ந்து கேமராவைப் பார்த்தேன்.

'முகம் பொருந்தவில்லை.'

இடது பக்கம் மொட்டைத்தலை. வலது பக்கம் நான்கு மாத முடியும் மீசையுமாக நான். பாதுகாப்பில் முதுகலை முடிக்கப் போகிறவனுக்கு, படத்தை முன்னாலேயே மாற்றச் சொல்லி ஒரு வரி எழுதிப் போட வேண்டும் என்று தோன்றவில்லை. இந்த முறை அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உதவிப் பொத்தானை அழுத்தி, வந்த ஆளிடம் நானே சொன்னேன்: பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் திறங்கள், இரண்டாவது அடையாளம், முதலாவதைக் கேட்காதீர்கள், ஒரு நிமிடம், அம்மாவைக் கூப்பிடுகிறேன்.

அம்மா வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். இப்போது முடி அடர்த்தியாக இருந்தது. எங்கே என்று தேடப் போகிறார், நேரமாகும் என்று நினைத்தேன். அவர் தேடவில்லை. கண் திரையில் இருந்தது, உதவிக்கு வந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் முடிக்குள் போன வேகத்தில் நேராகத் தழும்பின் மேல் நின்றன. இரண்டு பக்கமும் முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். என் தலையில் எனக்கே தெரியாத இடம் அது.  அந்த ஆள் சரி என்று சொன்னது அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது.

தேர்வாளர்கள் இரண்டு பேர். முக்கால் மணி நேரம் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். கடைசியில் மூத்தவர், பாஸ், வாழ்த்துகள் என்றார். எழுந்து வெளியே வந்தேன். அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"பாஸாயிட்டேம்மா. மொட்டைக்கு எப்ப போவணும், சொல்லிடு" என்றேன்.

"எந்த மொட்ட?"

"இதுக்கும் வேண்டிக்கினு இருப்பியே."

"இதுக்கு ஒண்ணியும் வேண்டிக்கலடா."

"ஏன்?"

அம்மா ஒரு கடலையை ஊதி வாயில் போட்டுக்கொண்டார்.

"எதுக்கு? நீதான் படிச்சிக்கினு கீறியே. நானுந்தான் பாத்துக்கினு கீறேன்."

இரண்டரை வருடத்துக்கு முன்னால் பிரின்ஸிபால் அறையில் நான் சொன்ன பொய்யும், என் லேப் வாசலில் தொங்கிய வரியும் அதேதான். அதை உண்மை என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கடலை உரித்தேன்.